மாசி ஹஸ்தத்தில் ஷோப்பான்

ஷோப்பானுக்கு ஜாதகம் கணித்த முதல் ஆள் ஸ்ம்ருதியின் அப்பாவாகத்தான் இருக்க வேண்டும். இருநூறு வருஷங்களுக்கு முன்னால் போலந்தில் பிறந்து, பாரிஸில் இருமி இருமியே செத்துப்போன ஒரு பியானோக்காரருக்கு, ஸ்ரீரங்கம் மேலச் சித்திரை வீதியில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ராசிக்கட்டம் போட்டுக்கொண்டிருந்தார் ஜனார்தன். பள்ளிக்கூடத்தில் அவர் கணக்கு வாத்தியார். வீட்டில் பஞ்சாங்கம்.

"இவருக்கு ரெண்டு பொறந்தநாள் சொல்றாளே," என்றார். "சர்ச் ரிஜிஸ்டர்ல பிப்ரவரி இருபத்திரெண்டு. ஆத்து மனுஷா சொல்றது மார்ச் ஒண்ணு. எதை எடுத்துக்கறது?"

"எதுவா இருந்தா என்னப்பா. எனக்கு ஹால் கிடைக்கணும், ஆள் வரணும். அவ்ளோதான்."

"மார்ச் ஒண்ணுன்னா பூராடம் வரது. பிப்ரவரின்னா ஹஸ்தம். கையால வாசிச்சுப் பேர் வாங்கினவர். ஹஸ்தம்தான் பொருத்தம். மாசி ஹஸ்தம். எழுதிக்கோ."

இரண்டு தேதிகளுக்காக ஐரோப்பாவில் பெரிய பெரிய ஆட்கள் சண்டை போட்டிருக்கிறார்கள். மேலச் சித்திரை வீதியில் அது இரண்டாவது காப்பிக்கு முன்பே தீர்ந்துவிட்டது.

ஸ்ம்ருதிக்கு இருபத்திரண்டு வயது. பொறியியல் முடித்திருந்தாள். சென்னையில் ஒரு கம்பெனி ஜூன் மாதம் வந்து சேரச் சொல்லியிருந்தது. ஆனால் அவள் போக நினைத்த இடம் வேறு: போலந்தில் ஒரு இசைப் பள்ளி, இரண்டு வருஷப் படிப்பு. விண்ணப்பத்தோடு ஒரு வீடியோ அனுப்ப வேண்டும். ஷோப்பானின் உருப்படிகள் மட்டும். தனி வாசிப்பு. எதிரே பார்வையாளர்கள் இருக்க வேண்டும். ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே கேமரா, ஒரே காட்சி, ஒரு வெட்டு கூடாது. முகமும் இரண்டு கைகளும் எப்போதும் தெரிய வேண்டும். சுரம் எழுதிய நோட்டைப் பார்த்து வாசிக்கலாம், பக்கம் திருப்ப ஒரு ஆள் வைத்துக்கொள்ளலாம் என்பது மட்டும்தான் அவர்கள் காட்டிய கருணை.

அப்பாவோடு உடன்படிக்கை தெளிவானது. இடம் கிடைத்தால் போகலாம். கிடைக்காவிட்டால் ஜூனில் கம்பெனி, ஞாயிற்றுக்கிழமைகளில் பியானோ. ஞாயிற்றுக்கிழமைகளில் என்றால் என்ன அர்த்தம் என்று இருவருக்குமே தெரியும்.

பியானோ இருந்தது திருச்சி கன்டோன்மென்ட்டில், அவள் படித்த கான்வென்ட் பள்ளியின் ஹாலில். படிப்பு முடிந்த பிறகும் வாரத்தில் நான்கு நாள் காவிரிப் பாலத்தைத் தாண்டி டவுன் பஸ்ஸில் போய் அதில்தான் வாசித்து வந்தாள். பாலத்தில் பஸ் நிற்கும்போதெல்லாம் கீழே தெரியும் மணலைப் பனி என்று வைத்துக்கொள்வாள். அதில் நாய்கள் ஓடும், யாராவது வேட்டி உலர்த்துவார்கள். அதற்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டால் கிட்டத்தட்ட போலந்துதான்.

"அந்த வாரத்துல எந்த ஈவினிங் வேணும்னாலும் எடுத்துக்கோம்மா," என்றார் பள்ளியைப் பார்த்துக்கொள்ளும் ஸிஸ்டர் லின்சி. "வெள்ளிக்கிழமை காலையில பெஞ்சு போட்டுடுவாங்க. பிளஸ் டூ எக்ஸாம். அப்புறம் மாசக் கடைசி வரைக்கும் உள்ளயே விடமாட்டாங்க."

திங்கள், செவ்வாய், புதன் எல்லாம் காலியாக இருந்தன. ஹஸ்தம் வியாழக்கிழமை வந்தது. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை.

"அப்பா, திங்கட்கிழமை ஒரு தடவை வாசிச்சுப் பார்த்துடறேனே. தப்பு வந்தா மறுபடி எடுத்துக்கலாம்."

"திங்கட்கிழமை யார் வருவா கேக்க? பராசரன் திருநக்ஷத்திரத்தன்னிக்குத்தான் ஆள் கூட்டிண்டு வருவேன்னுட்டார். அவரும் ஒரு காரணம் சொல்லணுமோல்லியோ?"

பராசரன் மாமா உத்திர வீதியில் ஒற்றை அறையில் நடக்கும் ஒரு சபாவின் காரியதரிசி. திருச்சியில் ஷோப்பான் கேட்க ஆள் சேர்க்கக் கூடியவர் அவர் ஒருவர்தான். எந்தக் கச்சேரிக்கும் ஆள் சேர்க்கக் கூடியவர் அவர். கச்சேரி முடிந்ததும் என்ன தருவோம் என்பதை அழைப்பிதழில் நாசூக்காகச் சொல்லத் தெரிந்தவர்.

"பாட்டு உண்டோ?" என்று முதல் நாளே கேட்டிருந்தார்.

"இல்ல மாமா. பியானோ மட்டும்."

"பக்கவாத்யம்?"

"கிடையாது. தனியா."

"தனியாவா? எத்தனை நாழி?"

"ஒரு மணி நேரம் ஆகும்."

பராசரன் மாமா அவளைப் பரிவோடு பார்த்தார். "ஒரு மோர்சிங்காவது வெச்சுக்கலாம். நம்ம பையன் ஒருத்தன் இருக்கான், சும்மா வந்துடுவான்."

ஜனார்தன் குறுக்கே புகுந்து ஷோப்பானின் சரித்திரத்தைச் சொன்னார். மனுஷர் பாரிஸில் போனார், உடம்பு அங்கே இருக்கிறது, ஆனால் இதயத்தை மட்டும் எடுத்துக்கொண்டுபோய் சொந்த ஊர் சர்ச் தூணுக்குள் வைத்திருக்கிறார்கள் என்றார்.

"உடம்பு ஒரு ஊர், ஹ்ருதயம் ஒரு ஊரா," என்றார் பராசரன் மாமா. "அப்ப ரெண்டு திவ்யதேசம். பேஷ். பண்ணிடலாம்."

ஸ்ம்ருதி தன் நிபந்தனைகளைச் சொன்னாள். ஆரம்பித்த பிறகு யாரும் பேசக் கூடாது. மைக்கே இருக்கக் கூடாது. ஒரு உருப்படிக்கும் அடுத்ததற்கும் நடுவில் கைதட்டக் கூடாது. வரவேற்புரை, வாழ்த்துரை, நன்றியுரை எல்லாம் கடைசி உருப்படி முடிந்த பிறகு.

"பெருமாள் ஆணையா ஒருத்தர் ஒரு வார்த்தை பேசமாட்டா," என்றார் பராசரன் மாமா.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கஷ்டமே அதனால்தான் வந்தது.

*

வீடியோ எடுக்க வந்தவர் காட்டூர் அடைக்கலராஜ். கல்யாண வீடியோவில் அந்தப் பக்கம் அவருக்குப் பெரிய பேர். மணமக்களை மேகத்துக்கு நடுவே நடக்க வைப்பார், மாமியாரின் கண்ணீரை மெதுவாக ஓட விடுவார். ஹாலுக்குள் வந்ததும் மேடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ட்ரோன் ஒண்ணு விட்டா பியானோவுக்கு மேல சூப்பரா வரும் மேடம்," என்றார்.

"ட்ரோன் வேண்டாண்ணா. கேமராவை இங்க வெக்கணும். அப்புறம் தொடவே கூடாது."

"தொடவே கூடாதுன்னா?"

"தொடவே கூடாது. ஒரு மணி நேரம்."

"அப்ப நான் எதுக்கு மேடம்?"

"தொடாம இருக்கறதுக்கு," என்றாள் பக்கத்தில் நின்ற மட்டுவார்குழலி.

குழலி ஸ்ம்ருதியோடு கல்லூரியில் படித்தவள். இப்போது தில்லைநகரில் ஒரு வங்கியில் வேலை. அவள்தான் பக்கம் திருப்புகிறவள். அவளுக்கு நோட்டு படிக்கத் தெரியாது. ஸ்ம்ருதி தலையை ஆட்டினால் எழுந்து பக்கத்தைத் திருப்பிவிட்டு உட்கார வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அது இல்லாமல் முடியாது. ஸ்ம்ருதிக்கு எத்தனை தடவை வாசித்தாலும் மனப்பாடம் நிற்காது. பக்கத்தின் கடைசி வரி வரைக்கும் மகாராணி, அதற்குப் பிறகு திருவிழாவில் தொலைந்த குழந்தை.

"என்னடி இது, ஆறு கஜம் பட்டுல வந்திருக்க?" என்றாள் ஸ்ம்ருதி. அவளே சாதாரணக் கறுப்புச் சுடிதாரில் இருந்தாள். போலந்து இசைப் பள்ளியின் விதியில் அடக்கமான உடை என்று போட்டிருந்தது.

"கேமரான்னு சொன்ன இல்ல. எங்க அக்கா கல்யாணப் பொடவை. நீதான் துக்கத்துக்கு வந்த மாதிரி இருக்க."

அடைக்கலராஜ் கேமரா முக்காலியை நிறுத்தினார். பியானோவின் வலது பக்கத்திலிருந்து ஸ்ம்ருதியின் முகமும் கைகளும் தெரிந்தன, அவளுக்கு அந்தப் பக்கம் குழலியின் நாற்காலி. "புரிஞ்சுது மேடம். நான் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறேன். சாமி சத்தியம்." பிறகு மேடை ஓரத்தில் ஸ்டூலில் இருந்த படத்தைப் பார்த்தார். "இவர்தானா அவரு? நம்ம ஆர்.சி. ஆளாமே?"

படத்தில் ஷோப்பான், பல்வலியோடு ரேஷன் கடை வரிசையில் நிற்பவர் போல இருந்தார். பராசரன் மாமா அவருக்கு ரோஜா மாலை போட்டு, நெற்றியில் சந்தனம் வைத்திருந்தார். கீழே ஒரு தூக்கில் அக்காரவடிசில். ஸிஸ்டர் லின்சி வந்து பார்த்தார். கோணலாக இருந்த மாலையை மட்டும் நேராக்கிவிட்டுப் போனார்.

*

ஸ்ரீரங்கத்திலிருந்து இரண்டு வேன்களில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். பராசரன் மாமா வாசலிலேயே ஒவ்வொருவரிடமும் வாயில் விரலை வைத்துக் காட்டியதால், ஏதோ மகான் உள்ளே தூங்குகிறார் என்பதுபோல நுனிக்காலில் நடந்து வந்து உட்கார்ந்தார்கள். ஸ்ம்ருதி கும்பிட்டாள், உட்கார்ந்தாள், வாசிக்கத் தொடங்கினாள்.

முதல் உருப்படியிலேயே சபாவின் தொடைகளில் தாளம் விழ ஆரம்பித்தது. அது ஒரு நிமிஷம்கூடப் பிடிபடவில்லை. ஷோப்பானின் தாளம் நம் டவுன் பஸ் போன்றது. ஆள் கைகாட்டினால் மெதுவாகும், யாரும் இல்லையென்றால் பறக்கும், சத்திரம் பஸ் ஸ்டாண்டில் காரணமில்லாமல் நின்றுகொண்டே இருக்கும். மூன்றாவது வரிசையில் மயில்கண் வேட்டி கட்டிய ஒரு மாமா தட்டினார், தவறினார், மறுபடி பிடித்தார், மறுபடி தவறினார். கடைசியில் தப்பு கையில்தான் என்பதுபோல உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு அதை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

கைதட்டக் கூடாது என்பதை அவர்கள் அப்படியே கடைப்பிடித்தார்கள். ஒவ்வொரு உருப்படியும் முடிந்தபோது ஹாலில் ஒரு பயங்கரமான அமைதி நிலவியது. யாரோ இருமி, உடனே அதற்காக வருத்தப்பட்டார்கள். ஆனால் ஸ்ம்ருதியின் விரல்கள் தவறவில்லை. குழலி தலையசைப்புக்குத் தலையசைப்பு எழுந்து திருப்பினாள். பட்டு சரசரத்தது, பக்கம் சரசரத்தது, எல்லாம் ஒழுங்காக நடந்தது. கடைசி உருப்படி மட்டும் பாக்கி. நீளமானது, கடினமானது, நடுவில் ஓய்வே இல்லாதது. போலந்துக்காரர்கள் உண்மையில் கேட்கப்போவது அதைத்தான்.

அதன் நான்காவது பக்கத்தில் அவள் இருந்தபோது தாயுமானவன் சார் வந்துவிட்டார்.

தாயுமானவன் துவாக்குடியில் பாய்லர் உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை வைத்திருப்பவர். சபாவின் புரவலர். அன்று கே.கே. நகரில் ஒரு காதணி விழாவை முடித்துவிட்டு வந்தார், அடுத்து துறையூரில் ஒரு வரவேற்புக்குப் போக வேண்டும். நடுவில் கிடைத்த இந்தக் கொஞ்ச நேரத்தில் கலைஞரைக் கௌரவிக்காமல் அனுப்பினால் சபாவுக்கு என்ன மரியாதை? பராசரன் மாமாவின் முப்பது வருஷ அனுபவத்தில் எத்தனையோ வித்வான்கள் ராகத்தின் பாதியில் நிறுத்தி, பொன்னாடை வாங்கி, கும்பிட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள். பேச்சு கூடாது என்றாள் பெண். பேச்சில்லை. மைக் கூடாது என்றாள். மைக் இல்லை. பொன்னாடையை யாராவது குறுக்கீடு என்று சொல்வார்களா?

அவர் பொன்னாடை, சந்தனமாலை, பழத்தட்டு, மலைக்கோட்டை பொறித்த கேடயம் ஆகியவற்றோடு மேடைப் படியில் ஏறினார். பின்னால் தாயுமானவன், மரியாதையாகச் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்.

ஸ்ம்ருதி ஓரக்கண்ணால் பார்த்தாள். பெரியவர்கள் மேடையேறினால் எழுந்து நிற்க வேண்டும் என்பது அவள் முதுகெலும்பிலேயே எழுதியிருந்தது. முதுகு எழுந்திருக்கப் பார்த்தது. கைகள் மறுத்துவிட்டன.

அடைக்கலராஜின் வலது கை தானாகக் கேமராவை நோக்கிப் போனது. இடது கையால் அதைப் பிடித்து நிறுத்திக்கொண்டார்.

பராசரன் மாமா போகிற பாதையைக் குழலிதான் முதலில் கவனித்தாள். அவர்கள் நேராகப் பியானோவுக்கு வந்து நின்றால் தாயுமானவன் சாரின் அகலமான முதுகு கேமராவுக்கும் ஸ்ம்ருதியின் கைகளுக்கும் நடுவே நிற்கும். அதோடு போலந்து முடிந்தது. அவள் சட்டென்று எழுந்தாள். பியானோவுக்குப் பின்பக்கமாகச் சுற்றி, பாதி மேடை நடந்து, அவர்களுக்கு எதிரே போய்க் கைகூப்பி நின்றாள். அப்படியே வந்தவழி திருப்பி அனுப்பிவிடலாம் என்று நினைத்தாள்.

தாயுமானவன் பார்த்தார். ஒரு பெண் பட்டுப் புடவையில் கைகூப்பி நிற்கிறாள். இன்னொரு பெண் கறுப்பில், எழுந்திருக்கக்கூட இல்லாமல் ஏதோ வேலையாக இருக்கிறாள். யார் கலைஞர் என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. பொன்னாடையை விரித்துக் குழலியின் தோளில் போர்த்தினார்.

பராசரன் மாமாவின் முகம், உற்சவருக்குப் போக வேண்டிய மாலை கோயில் யானையின் கழுத்தில் விழுந்ததைப் பார்த்தவர் முகம் போலானது. ஆனால் பேசமாட்டேன் என்று ஆணையிட்டிருந்தார். புரவலரை மேடையில் திருத்துவது சபா வழக்கமும் இல்லை. மாலையை நீட்டினார்.

"ரொம்ப அருமையா வாசிச்சம்மா," என்று தாயுமானவன் மாலையைப் போட்டபடி அவள் காதருகே தாழ்ந்த குரலில் சொன்னார்.

"நன்றிங்க சார்," என்றாள் குழலி. வேறென்ன சொல்வது.

"பின்னாடி வாசிக்குதே அந்தப் பொண்ணு, பக்கவாத்தியமா?"

"ஆமாங்க சார்."

"நல்லா ஒத்துழைக்குது."

அந்தப் பக்கவாத்தியம் அப்போது ஐந்தாம் பக்கத்தின் கடைசி வரியில் இருந்தது.

ஸ்ம்ருதி தலையை ஆட்டினாள். நாற்காலி காலியாக இருந்தது. மறுபடி ஆட்டினாள். தானே திருப்பலாம் என்றால் அந்த இடத்தில் இரண்டு கைகளுக்கும் மூச்சுவிட இடமில்லை. கடைசி இரண்டு அளவுகள், நம் ஆவர்த்தனம் போன்றவை, வந்தன, முடிந்தன. அதற்கு அப்பால் தாளின் ஓரம், அதற்கு அப்பால் ஒன்றுமே இல்லை. எத்தனையோ நூறு தடவை வாசித்திருந்த அடுத்த பக்கம் அவள் தலையிலிருந்து எறும்பு வரிசை போல வெளியேறிப் போய்விட்டது.

அவள் அந்த இரண்டு அளவுகளையே மறுபடி வாசித்தாள். ஷோப்பான்தான் அப்படி எழுதியிருக்கிறார் என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டாள். குழலி இப்போது பழத்தட்டை வாங்கிக்கொண்டிருந்தாள். மூன்றாவது தடவை அதையே வாசித்தால் பாட்டரி தீர்ந்த பொம்மை போல இருக்குமென்று வலது கையில் ஒரே ஒரு சுரத்தை மேலே தள்ளினாள். நான்காவது தடவை அந்தச் சுரத்திலிருந்து கொஞ்சம் வழுக்கி இறங்கினாள். அடுத்த தடவை இன்னும் மேலே போய், சுற்றி, அதே இடத்தில் வந்து விழுந்தாள். இதையெல்லாம் யாரும் அவளுக்குக் கற்றுக்கொடுத்ததில்லை. ஆனால் மேலச் சித்திரை வீதியில் பிறந்து வளர்ந்து, ஒரே வரியை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்த்துப் பாடுவதைக் கேட்காமல் காதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

மூன்றாவது வரிசை மாமா நிமிர்ந்தார். கவிழ்த்து வைத்திருந்த கையை எடுத்தார். மூன்று மூன்றாக நடக்கும் அந்த நடை இப்போது ஓடவில்லை, ஒளியவில்லை. சொன்ன இடத்தில் வந்து நின்றது. அவர் தொடையில் தட்டினார், சரியாக விழுந்தது. பக்கத்தில் இருந்தவர் தட்டினார். ஒரு மணி நேரம் பட்டினி கிடந்த ஹால் முழுவதும் ஒரே சமயத்தில் தாளம் போட்டது. சங்கதி ஒன்று மேலே ஏறி அழகாக இறங்கியபோது யாரோ தன்னை மறந்து, "பலே," என்றார்கள்.

பராசரன் மாமா திரும்பி அவரை முறைத்தார். பேசக் கூடாது என்று சொல்லியிருந்தார் அல்லவா.

பிறகு அடைக்கலராஜைப் பார்த்து, கண்ணுக்கருகே விரலை மடக்கிக் காட்டினார். ஃபோட்டோ. அடைக்கலராஜ் முக்காலியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தலையை ஆட்டி மறுத்தார். முதல் வரிசையில் ஒருவர் கைப்பேசியில் எடுத்தார். தாயுமானவன் புன்னகைத்தார், குழலி புன்னகைத்தாள், கேடயம் கைமாறியது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு துறையூருக்குப் புறப்பட்டார். குழலி சந்தனமாலையும் பொன்னாடையுமாக ஓடிவந்து, பழத்தட்டைப் பியானோவுக்குக் கீழே வைத்து, பக்கத்தைத் திருப்பினாள். ஒரு ஆப்பிள் உருண்டு வந்து பெடலுக்குப் பக்கத்தில் நின்றது. ஸ்ம்ருதி ஆறாம் பக்கத்தின் முதல் சுரத்தில் இறங்கினாள், அதன்பிறகு கடைசி வரை ஷோப்பான் எழுதியதைத்தான் வாசித்தாள்.

*

வெள்ளிக்கிழமை காலை காட்டூரில் அடைக்கலராஜின் ஸ்டுடியோவில் நால்வரும் உட்கார்ந்து பார்த்தார்கள். காட்சி சுத்தமாக இருந்தது. அசையவில்லை, வெட்டில்லை. முகமும் கைகளும் எப்போதும் தெரிந்தன. அவற்றுக்குப் பின்னால், கொஞ்சம் மங்கலாக, ஆனால் எந்தச் சந்தேகமும் இல்லாமல், ஒரு பெண்ணுக்குப் பொன்னாடை போர்த்தப்பட்டது.

"மேடம், வி.ஐ.பி. மேடை ஏறி நான் கேமராவைத் திருப்பாம நின்னது வாழ்க்கையில இதான் முதல் தடவை," என்றார் அடைக்கலராஜ். "ராத்திரி முழுக்கத் தோள் வலி. சரி, ஒண்ணு சொல்றேன். இங்க ஒரு கட்டு, அங்க ஒரு கட்டு. அந்த ரெண்டு நிமிஷத்தையே தூக்கிடலாம். இந்தப் பக்கத்துல இருந்து நேரா அடுத்த பக்கம். பாட்டும் சரியாயிடும், அவங்களும் காணாமப் போயிடுவாங்க. தாலி கட்டுற நேரம் கரண்ட் போனதைக்கூட நான் சேர்த்துக் குடுத்திருக்கேன்."

"வெட்டக் கூடாதுன்னு போட்டிருக்கே," என்றாள் ஸ்ம்ருதி.

"அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுதான்," என்றார் ஜனார்தன். பெண்ணைப் பார்க்காமல் சுவரில் மாட்டியிருந்த மணமக்களைப் பார்த்தார். "நீதான் சொல்லணும். நக்ஷத்திரம் பார்த்து உன்னைக் கடைசி நாள்ல கொண்டுபோய் நிறுத்தினது நான்."

"குழலி, நீ சொல்லுடி."

"என்னைக் கேக்காத. நான் அதுல ரொம்ப நல்லா இருக்கேன். வெட்டுனா எனக்குக் கஷ்டமா இருக்கும்."

ஸ்ம்ருதி மறுபடி ஓட்டச் சொன்னாள். ஒரு மணி நேர வீடியோவில் அவள் முகம் தலையில் தண்ணீர்க் குடத்தோடு படியிறங்குகிறவள் முகமாக இருந்தது. அந்த இரண்டு நிமிஷத்தில் மட்டும் குடம் இல்லை. வெட்டினால் போலந்துக்குப் போவது அந்தக் குடக்காரி. அவள் அங்கே போய் என்ன செய்வாள் என்று ஸ்ம்ருதிக்குத் தெரியும்: இன்னும் ஜாக்கிரதையாக இறங்குவாள்.

"அப்படியே அனுப்புங்கண்ணா," என்றாள்.

*

மூன்று வாரம் கழித்து ஒரு மின்னஞ்சல் வந்தது. மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார்கள். பொன்னாடையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒருவேளை இந்தியாவில் பியானோ கச்சேரி என்றால் இப்படித்தான் நடக்கும் என்று நினைத்திருப்பார்கள். கேட்டது ஒன்றே ஒன்று. கடைசி உருப்படியில், ஐந்தாம் பக்கத்துக்குப் பிறகு நீங்கள் வாசித்த அளவுகள் எங்களுக்குத் தெரிந்த எந்தப் பதிப்பிலும் இல்லை. ஷோப்பான் தம் மாணவர்களின் பிரதிகளில் கைப்பட மாற்றங்கள் எழுதுவது உண்டு. இது எந்தப் பிரதியிலிருந்து எடுக்கப்பட்டது?

ஜனார்தன் இரண்டு தடவை படித்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாடபேதம்," என்றார். அந்தச் சொல்லை அவர் ஒரு சுகத்தோடு சொன்னார். "ஒரே பாசுரத்துக்கு ரெண்டு பாடம் இருக்கறதில்லையா, ரெண்டுக்கும் வியாக்யானம் பண்றதில்லையா? ஸ்ரீரங்கம் பாடம்னு எழுதிடு. அவா மூணு வருஷம் ஆராய்ச்சி பண்ணுவா."

"அப்பா."

"பொய் இல்லையேடி. ஸ்ரீரங்கம் தானே."

ஒருகணம் அது அவளை இழுத்தது. பனி பெய்யும் ஊரில் ஒரு நூலகத்தில், கண்ணாடி போட்ட ஒருவர், ஸ்ரீரங்கம் பிரதி என்று ஒரு அட்டையில் எழுதி இழுப்பறையில் போடுகிறார். பிறகு அவள் மடிக்கணினியை இழுத்து, எந்தப் பிரதியும் இல்லை என்று எழுதினாள். பக்கம் திருப்புகிறவளைக் கௌரவித்துக்கொண்டிருந்தார்கள், அவள் திரும்பி வரும் வரைக்கும் எனக்குத் தோன்றியதை வாசித்தேன், அது ஷோப்பானுடையது இல்லை, என்னுடையது. யோசிக்க ஆரம்பித்தால் மாற்றிவிடுவோம் என்று பயந்து உடனே அனுப்பினாள்.

பதில் ஏப்ரல் கடைசியில் வந்தது. குழுவில் கருத்து வேறுபாடு இருந்ததாம். ஒருவர் அந்த அளவுகளுக்காகவே அவளைச் சேர்க்க வேண்டும் என்றாராம். இன்னொருவர் அதே அளவுகளுக்காக அவளை வாசலிலேயே நிறுத்த வேண்டும் என்றாராம். எனவே காத்திருப்போர் பட்டியலில் இரண்டாவது இடம். முடிவு ஆகஸ்டில். எப்படியானாலும் இனிமேல் மனப்பாடமாக வாசிக்கப் பழகிக்கொள்வது நல்லது.

"டபிள்யூ.எல். ரெண்டு," என்றாள் குழலி. "கன்ஃபர்ம் ஆயிடும்டி. யாராவது ரெண்டு பேருக்கு அந்தக் குளிர் ஒத்துக்காது."

"கம்பெனி ஜூன்ல சேரச் சொல்றான். இது ஆகஸ்ட்."

ஜனார்தன் வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து முடித்துவிட்டு, இன்னொரு தடவை துடைத்தார். உடன்படிக்கையில் கிடைத்தால் என்றும் கிடைக்காவிட்டால் என்றும்தான் இருந்தது. நடுவில் ஒரு இடம் இருக்கும் என்று இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

"கம்பெனிக்கு எழுதிடு," என்றார். "ஆகஸ்ட் வரைக்கும் முடியாதுன்னு. முடியலைன்னா போகட்டும். கம்ப்யூட்டர்ல டைப் அடிக்கிற வேலை எங்க வேணா கிடைக்கும்."

"அது டைப் அடிக்கிற வேலை இல்லப்பா."

"சரி, அது என்னமோ."

அன்று சாயங்காலமே பராசரன் மாமா வந்துவிட்டார். மின்னஞ்சலைப் பற்றி அவருக்குத் தெரியாது. அடுத்த மாசிக்கான அழைப்பிதழின் மாதிரி கையில் இருந்தது. இந்தத் தடவை மூன்று வேன் என்றார். நடுவில் வந்ததே ஒரு சங்கதி, அதையே கொஞ்சம் விஸ்தாரமாக வாசித்தால் போதும், மற்றதெல்லாம் குறைத்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் அபிப்பிராயப்படுகிறார்களாம்.

"மாமா, அடுத்த மாசிக்கு நான் இந்த ஊர்லயே இருக்கக் கூடாதுன்னு பெருமாள்கிட்ட வேண்டிக்கோங்கோ," என்றாள் ஸ்ம்ருதி.

பராசரன் மாமா அதை யோசித்துப் பார்த்தார். நியாயமான கோரிக்கையாகத்தான் அவருக்குப் பட்டது.

"வேண்டிக்கறேன்," என்றார். "நாளைக்கே ஸேவிக்கறச்சே சொல்றேன். ஆனா தேதி போட்டு வெச்சுக்கறேன். பெருமாளுக்கு ஆயிரம் வேலை."